கேப்டன்-கோச் என்பவர் யார்? ரான் பராஸியின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

மெல்பன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நம்மில் பலருக்கு டிசம்பர் 26-ஆம் நாள் தொடங்கும் டெஸ்ட் போட்டிதான் நினைவுக்கு வரும். பெயரிலேயே கிரிக்கெட் இருந்தாலும், ஒரு விளையாட்டுப் போட்டியைக் காண அந்த மைதானத்தில் கூடிய மிகப் பெரிய கூட்டம் கிரிக்கெட்டுக்காக வந்ததன்று. 1970 செப்டம்பர் 26 அன்று, அதே நகரத்தைச் சேர்ந்த கார்ல்டன், காலிங்வுட் என்னும் இரண்டு கால்பந்து அணிகளின் இறுதிப் போட்டியைக் காண 1,21,696 பேர் வந்திருந்தார்கள். இடைவேளையில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த கார்ல்டன் அணி, ஆட்டம் முடிந்தபோது 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தது. வென்ற அணியின் பயிற்சியாளரான ரான் பராஸிக்கு அப்போது வயது 34. அவர் அன்று பந்தை ஒரு முறைகூடத் தொடவில்லை. ஆனாலும் அந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய பெயரைச் சொல்லாமல் கடந்துபோவதில்லை.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராக மாறுவது என்றால் என்ன, அந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்த ‘கேப்டன்-கோச்’ என்னும் பழைய ஏற்பாடு எப்படி இயங்கியது, பின்னர் அது ஏன் மறைந்தது என்பவற்றை, இந்த விளையாட்டை ஒரு முறைகூடப் பார்த்திராதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுவாகச் சொல்வதைவிட ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் இது எளிதாகப் புரியும். அதற்குப் பராஸியைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியர்கள் ‘ஃபூட்டி’ என்று செல்லமாக அழைக்கும் இந்த ஆட்டம், கிரிக்கெட் ஆடும் நீள்வட்டத் திடலிலேயே ஆடப்படுகிறது. ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். பந்தும் நீள்வட்ட வடிவம்தான். திடலின் ஒவ்வொரு முனையிலும் வரிசையாக நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் அது ‘கோல்’. அதற்கு 6 புள்ளிகள். குறி சற்றுத் தவறி, பக்கத்துக் கம்பத்துக்கு உட்பட்ட இடைவெளியில் போனால் அது ‘பிஹைண்ட்’. அதற்கு 1 புள்ளி. அதனால்தான் ஆட்டத்தின் முடிவை 17.9 (111) என்று எழுதுகிறார்கள். அதாவது 17 கோல், 9 பிஹைண்ட், மொத்தம் 111 புள்ளிகள். முதல் முறை செய்தித்தாளில் இதைப் பார்க்கிறவர் தசமப் புள்ளி என்று நினைத்துக் குழம்புவது இயல்பே.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை தரையில் தட்டியெடுக்க வேண்டும். கையால் எறியக் கூடாது. தோழருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உதைக்கலாம். அல்லது ஒரு கையில் பந்தை வைத்துக்கொண்டு மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துக்கு ‘ஹேண்ட்பால்’ என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் எதிரியின் இடையூறின்றி உதைக்கும் உரிமையைப் பெறுகிறார். ஆட்டம் நான்கு கால் பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு கால் பகுதியின் முடிவிலும் ஓர் இடைவெளி உண்டு.

அந்த இடைவெளிகள்தான் பயிற்சியாளரின் களம். கிரிக்கெட்டில் ஆட்டம் நடக்கும்போது அதிகாரம் முழுவதும் கேப்டனிடம் இருக்கிறது. யார் பந்து வீசுவது, யார் எங்கே நிற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஃபூட்டியில் நிலைமை வேறு. பந்து எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதாலும், திடல் மிகப் பெரியதாக இருப்பதாலும், களத்துக்குள் இருக்கும் ஒருவரால் முழு ஆட்டத்தையும் பார்க்க முடியாது. எனவே ஆட்டக்காரர்களை இடம் மாற்றுவது, மாற்று ஆளை இறக்குவது, எதிரணியின் முக்கிய ஆட்டக்காரருக்கு யாரைக் காவல் போடுவது என்பனவெல்லாம் பயிற்சியாளரின் பொறுப்பு. இன்று அவர் பார்வையாளர் மாடத்தின் உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உதவியாளர்களோடு அமர்ந்திருக்கிறார். அவருடைய ஆணைகளைக் களத்துக்குள் சுமந்துகொண்டு ஓடுவதற்கென்றே ‘ரன்னர்’ என்று ஒருவர் இருக்கிறார். கேப்டன் நாணயத்தைச் சுண்டுகிறார், தோழர்களுக்கு ஊக்கமூட்டுகிறார், முன்மாதிரியாக ஆடுகிறார். ஆட்டத்தை நடத்துபவர் பயிற்சியாளர்.

இந்த இரு பொறுப்புகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் அவர்தான் கேப்டன்-கோச். இன்று கேட்க விந்தையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, விக்டோரியா கால்பந்து லீகின் முதல் பல பதிற்றாண்டுகளில் மிகச் சாதாரணமானது. 1897-இல் போட்டிகளைத் தொடங்கிய அந்த லீகில் ஆடியவர்கள் வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமைகளில் ஆடினார்கள். அணியின் மூத்த, அனுபவம் மிக்க ஆட்டக்காரரே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ஒருவருக்குக் கொடுத்தால் போதும் என்பதும் அதில் ஒரு வசதி. கிராமப்புற லீகுகளில் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. நகரத்தில் பெயரெடுத்த ஒருவர் ஏதாவது ஒரு சிற்றூர் அணிக்குப் போய், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பதை இன்றும் காணலாம்.

ரான் பராஸி 1936 பிப்ரவரி 27 அன்று விக்டோரியா மாநிலத்தின் காசல்மேன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரான் பராஸிதான். அவர் மெல்பன் அணிக்காக ஆடியவர். 1940-இல் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றவர். மறு ஆண்டே இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக்கில் உயிரிழந்தார். மகனுக்கு அப்போது ஐந்து வயது. தந்தையோடு ஒரே அணியில் ஆடிய நார்ம் ஸ்மித் என்பவர் அந்தக் குடும்பத்தோடு நெருக்கமாக இருந்தார். பையன் வளர்ந்தபோது தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். அந்த நார்ம் ஸ்மித் 1952 முதல் மெல்பன் அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆகவே பராஸிக்கு வளர்ப்புத் தந்தையும் பயிற்சியாளரும் ஒருவரே. சாப்பாட்டு மேசையில் பார்க்கும் அதே முகத்தை ஆட்டக்களத்தில் அதிகாரியாகவும் பார்ப்பது எளிதான அனுபவமாக இருந்திருக்க முடியாது. வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு எழக் கூடாதென்றே நார்ம் அவரிடம் மற்றவர்களைவிடக் கடுமையாக நடந்துகொண்டார் என்பார்கள்.

பராஸி மெல்பன் அணியில் சேர்ந்த கதையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அக்காலத்தில் ஓர் இளைஞர் எந்த அணிக்கு ஆட வேண்டும் என்பதை அவர் குடியிருக்கும் பகுதியே தீர்மானித்தது. அந்தக் கணக்கின்படி பார்த்தால் பராஸி வேறோர் அணிக்குப் போயிருக்க வேண்டும். போரில் இறந்த தன் ஆட்டக்காரரின் மகனை விட்டுக்கொடுக்க மனமில்லாத மெல்பன் அணி, தந்தை ஆடிய அணியில் மகனும் சேர வழிசெய்யும் ஒரு விதிக்காக லீகிடம் வாதாடி வென்றது. ‘தந்தை-மகன் விதி’ என்று பெயர்பெற்ற அது, பல மாற்றங்களோடு இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. பராஸி 1953-இல் முதல் ஆட்டம் ஆடினார். தந்தை அணிந்த 31-ஆம் எண்ணையே அவரும் அணிந்தார்.

ஆட்டக்காரர் என்ற முறையில் பராஸி எப்படிப்பட்டவர்? ஃபூட்டியில் நடுவர் பந்தை மேலே எழும்பவிடும்போது தாவி அதைத் தட்டிவிடும் நெட்டையான ஆளுக்கு ‘ரக்மேன்’ என்று பெயர். அப்படித் தட்டிவிடப்படும் பந்தைத் தரைமட்டத்தில் பொறுக்கியெடுத்து ஓடும் குட்டையான, வேகமான ஆளுக்கு ‘ரோவர்’ என்று பெயர். பராஸியின் உயரம் சுமார் 179 சென்டிமீட்டர். ரக்மேனாக இருக்க உயரம் போதாது; ரோவராக இருக்க உடற்கட்டு அதிகம். இரண்டிலும் சேராத இந்த ஆளை என்ன செய்வது என்று யோசித்த நார்ம் ஸ்மித், அவருக்கென்றே ‘ரக்-ரோவர்’ என்ற இடத்தை வளர்த்தெடுத்தார். முரட்டு வலிமையோடு பந்துக்காக மோதவும் வேண்டும், பந்து கிடைத்ததும் ஓடவும் வேண்டும். அந்த இடத்தில் பராஸி காட்டிய ஆட்டம் மற்ற அணிகளையும் அதே பாணியில் ஆட்களைத் தேடவைத்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று: இருக்கும் இடத்துக்கு ஆளைத் தேடாமல், இருக்கும் ஆளுக்கு ஏற்ற இடத்தை உண்டாக்குவதுதான் பயிற்சியாளரின் வேலை என்பதை பராஸி தம் உடம்பிலேயே கற்றுக்கொண்டார்.

மெல்பன் அணிக்காக 204 ஆட்டங்கள். 1955, 1956, 1957, 1959, 1960, 1964 ஆகிய ஆறு ஆண்டுகளில் கோப்பை. லீகின் வழக்கில் இதை ‘பிரிமியர்ஷிப்’ என்பார்கள். இறுதிப் போட்டிக்குக் ‘கிராண்ட் ஃபைனல்’ என்று பெயர். கடைசி இரண்டு கோப்பைகளை வென்றபோது பராஸியே கேப்டன். ஆறு முறையும் பயிற்சியாளர் நார்ம் ஸ்மித்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 1964-இல் காலிங்வுட்டை நான்கே புள்ளி வித்தியாசத்தில் வென்று கோப்பையைத் தூக்கிய கேப்டன், அந்த ஆண்டு முடிவதற்குள், கார்ல்டன் அணிக்குக் கேப்டன்-கோச்சாகப் போகிறேன் என்று அறிவித்தார். அன்றைய மெல்பன் நகரத்தில் இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை இன்றைய ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்குப் புரியவைப்பது கடினம். ஓர் அணியில் பிறந்து அதே அணியில் முடிவதுதான் அன்றைய ஒழுக்கம். அதிலும் பராஸிக்காகவே லீக் ஒரு விதியை ஏற்படுத்தியிருந்தது. அப்படிப்பட்டவர் போட்டி அணிக்கு, அதுவும் 1964-இல் பன்னிரண்டு அணிகளில் பத்தாவதாக வந்த, 1947-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ஓர் அணிக்குப் போகிறார் என்றால், பணத்துக்காகப் போகிறார் என்றே பலரும் பேசினார்கள். பணம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 28 வயதில், தாம் அறிந்த ஒரே பயிற்சியாளரின் நிழலிலிருந்து வெளியே வந்து தம் சொந்த அணியை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கேப்டன்-கோச் பதவியில் இருந்தது. நார்ம் ஸ்மித் இருக்கும் வரை மெல்பனில் அந்த இடம் இயல்பாகக் காலியாகப் போவதில்லை. நார்ம் ஸ்மித்தும் தம் காலத்தில் மெல்பனை விட்டு ஃபிட்ஸ்ராய் அணிக்குக் கேப்டன்-கோச்சாகப் போனவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வளர்ப்பு மகன் போனது அவர் நடந்த பாதையிலேயே என்பது விளங்கும்.

அவர் போன பிறகு மெல்பன் அணி சீர்குலைந்தது. 1965 ஜூலையில் நார்ம் ஸ்மித்தை நிர்வாகம் பதவி நீக்கியது. நான்கு நாள்களுக்குள் திரும்ப அழைத்துக்கொண்டது. உடைந்தது மட்டும் ஒட்டவில்லை. 1964-க்குப் பின் மெல்பன் அணி அடுத்த கோப்பையை வென்றது 2021-இல்.

கார்ல்டனில் பராஸி செய்த வேலையின் சிக்கலை இப்படிக் கற்பனை செய்துபாருங்கள். நீங்கள் பந்துக்காகக் கீழே விழுந்து புரண்டுகொண்டிருக்கிறீர்கள்; உங்கள் மேல் இரண்டு பேர் கிடக்கிறார்கள். அதே நேரத்தில் திடலின் மறு கோடியில் உங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறார். அவரை மாற்ற வேண்டும் என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நீங்களே அன்று மோசமாக ஆடினால் உங்களை வெளியே எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். ஒரு தோழரைப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று கேட்கும் தகுதி, நீங்கள் அவரைவிட அதிகம் ஓடியிருந்தால் மட்டுமே உண்டு. பராஸிக்கு இந்தக் கடைசி நிபந்தனை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவர் கேட்ட உழைப்பை முதலில் தாமே கொடுத்துக்காட்டினார். ஆனால் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு. காயங்கள் அதிகமாகி, 1968 வாக்கில் அவருடைய ஆட்டம் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தது. கார்ல்டனுக்காக ஆடியவை 50 ஆட்டங்கள்; மெல்பனையும் சேர்த்தால் 254.

அவர் களத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் கார்ல்டன் கோப்பை வென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1968 கிராண்ட் ஃபைனலில் ஜான் நிக்கோல்ஸ் அணியைக் களத்தில் நடத்திச் செல்ல, பராஸி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளராக மட்டும் செயல்பட்டார். கார்ல்டன் 7.14 (56), எஸண்டன் 8.5 (53). எதிரணியைவிடக் குறைவான கோல்கள் அடித்தும் கிராண்ட் ஃபைனலை வென்ற முதல் அணி இதுவே. பயிற்சியாளர் தனியாக வெளியே நின்றால் ஆட்டம் அவர் கண்ணுக்கு முழுதாகத் தெரிகிறது என்பதற்கு இது மட்டும் சான்றாகாது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்ததை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது.

மீண்டும் 1970-க்கு வருவோம். முதல் கால் பகுதி முடிவில் காலிங்வுட் 4.8 (32), கார்ல்டன் 0.3 (3). இடைவேளையில் காலிங்வுட் 10.13 (73), கார்ல்டன் 4.5 (29). இரண்டாம் கால் பகுதியில் கார்ல்டனின் அலெக்ஸ் ஜெஸலென்கோ, எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பிப் பிடித்த மார்க், ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று. அந்த நேரத்தில் அது தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஓர் அழகான தருணம், அவ்வளவுதான். 44 புள்ளி வித்தியாசம் என்றால் ஏழு கோலுக்கு மேல். கிராண்ட் ஃபைனலில் அவ்வளவு பெரிய பின்னடைவிலிருந்து எந்த அணியும் அதுவரை மீண்டதில்லை.

அந்த இடைவேளையில் உடைமாற்றும் அறையில் பராஸி இரண்டு முடிவுகளை எடுத்தார். முதலாவது, ஆட்டமுறை. அக்காலத்தில் ஹேண்ட்பால் என்பது வேறு வழியில்லாதபோது செய்யும் செயல். மாட்டிக்கொண்டவர் தப்பிப்பதற்காகப் பக்கத்தில் இருப்பவருக்குக் குத்திக் கொடுப்பார். மற்றபடி பந்தை நீளமாக உதைத்து, விழும் இடத்தில் மோதிப் பெறுவதே வழக்கம். அப்படி மோதும் ஆட்டத்தில் அன்று காலிங்வுட்டே பலசாலி. எனவே பராஸி, உதைப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு ஆபத்தாகத் தோன்றினாலும் ஹேண்ட்பால் கொடுத்துக் கொடுத்து ஓடுங்கள் என்று ஆணையிட்டார். நின்று மோதும் ஆட்டத்தை ஓடித் தப்பும் ஆட்டமாக மாற்றுவதுதான் அதன் பொருள். இது அன்று அந்த நிமிடத்தில் தோன்றிய யோசனை அன்று. நார்ம் ஸ்மித்தின் அண்ணன் லென் ஸ்மித் பல ஆண்டுகளாக வற்புறுத்திவந்த பாணி அது. சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பழகியிருந்தார்கள். ஒரு கிராண்ட் ஃபைனலின் நடுவில் முழுவதுமாக அதை நம்பி இறங்குவதற்குத்தான் துணிச்சல் தேவைப்பட்டது.

இரண்டாவது, ஆள். அந்தக் காலத்தில் களத்தில் 18 பேரும் வெளியே இரண்டு மாற்று ஆட்டக்காரர்களும் மட்டுமே உண்டு. ஒருவரை வெளியே எடுத்தால் அவர் திரும்ப வர முடியாது. இன்றைக்கு இருப்பதுபோல ஆட்களை மாறி மாறி உள்ளே வெளியே அனுப்பும் முறை 1978-இல்தான் வந்தது. ஆகவே மாற்று ஆளை இறக்குவது சீட்டாட்டத்தில் துருப்புச் சீட்டை இறக்குவதுபோல, ஒரு முறைதான் செய்ய முடியும். பராஸி பெர்ட் தோர்ன்லியை வெளியே எடுத்து டெட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞரை இறக்கினார். உருவத்தில் சிறியவர், வேகமானவர். புதிய ஆட்டமுறைக்குப் பொருத்தமானவர். ஹாப்கின்ஸ் நான்கு கோல்கள் அடித்தார். மூன்றாம் கால் பகுதியில் மட்டும் கார்ல்டன் எட்டு கோல்கள் அடித்தது. அதில் ஒரு பிஹைண்ட்கூட இல்லை. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது வித்தியாசம் 17 புள்ளிகளாகச் சுருங்கியிருந்தது. முடிவு: கார்ல்டன் 17.9 (111), காலிங்வுட் 14.17 (101).

ஹேண்ட்பால் அன்றோடு தாக்குதல் ஆயுதமாக மாறிவிட்டது, நவீன ஃபூட்டி அன்றே பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. சற்று மிகைதான். ஒரே பிற்பகலில் ஒரு விளையாட்டு மாறிவிடாது. ஆனால் பயிற்சியாளர் என்பவர் உற்சாகமூட்டிக் கத்துபவர் மட்டுமல்லர், ஆட்டத்தின் போக்கையே நடுவில் மாற்றக்கூடியவர் என்பதை ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் நேரில் பார்த்தார்கள். பராஸி கத்தாதவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவர் கத்துவதில் பேர்போனவர். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, ஆட்டக்காரரின் முகத்துக்கு நேரே நின்று திட்டுவார். இன்றைய அளவுகோலில் அந்த முறையை யாரும் பரிந்துரைக்கமாட்டார்கள், பரிந்துரைக்கவும் கூடாது.

1971-உடன் கார்ல்டனை விட்டுப் போன பராஸி, 1973-இல் நார்த் மெல்பன் அணிக்கு வந்தார். 1925-இல் லீகில் சேர்ந்தது முதல் ஒரு கோப்பையும் வெல்லாத அணி அது. 1972 முழுவதிலும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. அந்தச் சமயத்தில், ஓர் அணியில் பத்தாண்டுகள் ஆடியவர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம் என்ற விதி சிறிது காலம் நடைமுறையில் இருந்தது. அதைப் பயன்படுத்தி டக் வேட், பேரி டேவிஸ், ஜான் ராண்டல் ஆகிய மூன்று பெரிய ஆட்டக்காரர்களை நார்த் மெல்பன் இழுத்துக்கொண்டது. 1964-இல் பராஸி ஒருவர் அணி மாறியது துரோகமாகப் பேசப்பட்டது; ஒன்பது ஆண்டுகளுக்குள் அதையே லீகின் விதி அனுமதித்தது. 1975-இல் ஹாதோர்ன் அணியை 55 புள்ளி வித்தியாசத்தில் வென்று நார்த் மெல்பன் தன் முதல் கோப்பையைப் பெற்றது.

1977-இல் மறுபடியும் காலிங்வுட். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது நார்த் மெல்பன் 27 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. நடுவில் இரண்டு கால் பகுதிகளிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பராஸி, தடுப்பு வரிசையில் நின்ற டேவிட் டென்ச், டேரில் சட்டன் ஆகியோரை முன்வரிசைக்கு அனுப்பினார். கோட்டையைக் காப்பவர்களை எடுத்துப் படையெடுக்க அனுப்பும் வேலை இது. ஆட்டம் 76-76 என்று சமனில் முடிந்தது. அக்காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. அடுத்த சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடினார்கள். அதில் 151-124 என்று நார்த் மெல்பன் வென்றது. பயிற்சியாளராக பராஸிக்கு இது நான்காவது கோப்பை. ஆட்டக்காரராக ஆறும் சேர்ந்து பத்து.

இதற்கிடையில் கேப்டன்-கோச் என்னும் ஏற்பாடு தன் கடைசி ஆண்டுகளில் இருந்தது. அதன் கடைசி வெற்றிகளிலும் பராஸியின் கை தெரிகிறது. 1968-இல் அவருடைய கேப்டனாக நின்ற ஜான் நிக்கோல்ஸ், 1972-இல் கேப்டன்-கோச்சாகவே கார்ல்டனுக்குக் கோப்பை பெற்றுத்தந்தார். 1970-இல் அந்த மார்க்கைப் பிடித்த ஜெஸலென்கோ 1979-இல் அதையே செய்தார். ஆடிக்கொண்டே பயிற்சியளித்துக் கோப்பை வென்றவர்களில் அவரே கடைசி. 1980-உடன் பராஸி நார்த் மெல்பனை விட்டு விலகியபோது, அவருடைய இடத்துக்கு அணியின் நட்சத்திரமான மால்கம் பிளைட்டை, ஆடிக்கொண்டே பயிற்சியளிப்பவராக நியமித்தார்கள். பிளைட் 1981 முடியும் வரைகூட நிலைக்கவில்லை. தொடர் தோல்விகளால் நடுவிலேயே பயிற்சிப் பொறுப்பு கைமாறியது. பொறுப்பு இறங்கியதும் அடுத்த ஆட்டத்திலேயே அவர் 11 கோல்கள் அடித்தார். கேப்டன்-கோச் முறை ஏன் மறைந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. அவரிடம் திறமை குறையவில்லை. தலையில் இருந்த சுமைதான் கால்களைப் பிடித்து இழுத்திருந்தது. பின்னர் ஆட்டத்தை விட்ட பிளைட், முழுநேரப் பயிற்சியாளராக 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடிலெய்ட் அணிக்குக் கோப்பை பெற்றுத்தந்தார். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை, மாற்று ஆட்கள், புள்ளிவிவரங்கள், காணொளி ஆய்வு என்று பயிற்சியாளரின் வேலை ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போனதால், அதைப் பந்தோடு சேர்த்துச் சுமக்க எவராலும் முடியாமல் போயிற்று.

1981-இல் பராஸி தாய்வீடான மெல்பனுக்குத் திரும்பினார். வரவேற்பு பெரிது, விளைவு அப்படியில்லை. முதல் ஆண்டில் ஒரே ஒரு வெற்றி. ஐந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட இறுதிச் சுற்றுகளுக்குள் அணி நுழையவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆடும் இளைஞர்களைக் கொண்டுவந்து ஃபூட்டி பழக்கும் முயற்சியில் மெல்பன் அணி இறங்கியது. 1984-இல் டப்ளினிலிருந்து வந்த ஜிம் ஸ்டைன்ஸ், 1991-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை வென்றார்; இடைவிடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடி அசைக்க முடியாத சாதனையும் படைத்தார். அந்தப் பயிர் விளைந்தபோது விதைத்தவர் பதவியில் இல்லை.

பராஸியின் பெயரில் ஒரு கோடும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தெற்கு, மேற்குப் பகுதிகள் ஃபூட்டியின் நாடு; நியூ சவுத் வேல்ஸின் பெரும்பகுதியும் குவின்ஸ்லாந்தும் ரக்பியின் நாடு. இரண்டையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978-இல் ‘பராஸி கோடு’ என்று பெயரிட்டார். அதை அவர் அறிவித்தது ‘ரான் பராஸி நினைவுச் சொற்பொழிவு’ என்று கேலியாகப் பெயர்சூட்டிய உரையில். நினைவுகூரப்பட்டவர் அப்போது உயிரோடு, நார்த் மெல்பன் அணியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் சிட்னிக்கு அவர் 1993-இல் போனார். லீக் அதற்கு முன்பே ஆஸ்திரேலிய கால்பந்து லீக் என்று பெயர் மாறி நாடு தழுவியதாகியிருந்தது; சிட்னி ஸ்வான்ஸ் அணியோ தொடர்ச்சியாகத் தோற்று மூடப்படும் நிலைக்கு அருகில் இருந்தது. தொடர்ந்து 26 தோல்விகளுக்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் ஆட்டம் மெல்பனுக்கு எதிரானது. அந்த ஆண்டு அந்த ஒரு வெற்றிதான். அடுத்த ஆண்டு நான்கு, 1995-இல் எட்டு. டோனி லாக்கெட் என்ற பெரும் கோல் வீரரும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தார். பராஸி அத்துடன் பயிற்சியாளர் வேலையை முடித்துக்கொண்டார். நான்கு அணிகள், மொத்தம் 515 ஆட்டங்கள். அவர் 2023 செப்டம்பர் 16 அன்று, 87-ஆம் வயதில் காலமானார்.

1996-இல், அவர் விலகிய மறு ஆண்டே, சிட்னி கிராண்ட் ஃபைனலுக்கு வந்தது. எதிரணி நார்த் மெல்பன். சிட்னியின் பயிற்சியாளர் ரோட்னி ஈட், 1976, 1978 கிராண்ட் ஃபைனல்களில் பராஸியின் அணியைத் தோற்கடித்த ஹாதோர்னுக்காக ஆடியவர். நார்த் மெல்பனின் பயிற்சியாளர் டெனிஸ் பாகன், 1973-இலும் 1974-இலும் பராஸியின் கீழ் அதே அணிக்காக ஆடி, அவருடைய திட்டுகளைக் காது குளிர வாங்கியிருக்க வேண்டியவர். பாகனின் அணி 43 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.